சீட்டின் முதுகு

'சாமானியனும் ஜெயிக்கலாம்' என்னும் போக்கர் தொன்மத்துக்குப் பிறந்த வருஷம் உண்டு: 2003. டென்னஸியைச் சேர்ந்த கணக்கர் கிறிஸ் மணிமேக்கர் 86 டாலர் இணையத் தகுதிச்சுற்று மூலம், 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் கொண்ட லாஸ் வேகாஸ் உலகப் போட்டிக்குள் வந்து 25 லட்சம் டாலர் வென்றார். (பெயரைப் பாருங்கள். சிறுகதையில் வந்தால் நாமே அடித்துவிடுவோம்.) அப்போது ஆடியவர்கள் 839 பேர், 2006இல் 8,773. பரிசுப் பணம் எங்கிருந்து வருது? தோற்றவர்கள் கட்டிய கட்டணத்திலிருந்துதான்.

தொன்மத்தைக் கட்டமைத்தது கேமரா. இறுதி மோதலில் சாம் ஃபார்ஹாவிடம் ஒன்பதில் ஜோடி. மணிமேக்கர் கையில் ஒன்றுமில்லை. சில்லுகளையெல்லாம் பந்தயம் வைத்தார். ஃபார்ஹா சீட்டைப் போட்டுவிட்டார். மேசையில் பதித்த கேமரா வழியே இருவர் கையையும் பார்த்தவன், 'இவ்வளவுதானா, நம்மாலயும் முடியும்' என்கிறான். அவனே போய் உட்காரும்போது எதிரே தெரிவது சீட்டின் முதுகு மட்டும்.

போட்டிச் சில்லைப் பாதியில் காசாக்கி எழுந்துபோகவும் முடியாது. கட்டாயப் பந்தயம் குறித்த நேரத்துக்கொருதரம் ஏறிக்கொண்டே இருக்கும். சும்மா காத்திருந்தாலும் வாடகை. தொழில்முறை ஆட்டக்காரர் பலர் தம் ஆட்டத்தைப் பங்கு போட்டு விற்றுவிட்டுத்தான் அமர்கிறார்கள். தோல்வி பல தலைகளில் பிரிந்து விழும். மணிமேக்கரும் தந்தைக்கும் நண்பருக்கும் பங்கு விற்றிருந்தார். தனிமனித வெற்றிக் கதையில் இந்தப் பங்குதாரர்கள் மட்டும் மங்கிப்போனது தற்செயலா? மாதச் சம்பளத்தோடு தனியே வந்து தோற்கிற அமெச்சூரிடம், 'உனக்குத் துணிச்சல் பத்தல' என்கிறார்கள்.