யாருக்காகக் கவலைப்படுவது?

என் அக்காவுக்குச் சினிமா என்றால் உயிர். அவள் பார்த்த படங்களுக்குக் கணக்குக் கிடையாது. ஆனால் படத்தைப் பற்றி அவள் சொல்லும் அபிப்பிராயம் மட்டும் மிகவும் சுருக்கமானது. படம் மனத்தில் தைத்துவிட்டால் வீடு வந்து சேரும்வரை வாய் திறக்கமாட்டாள். தைக்கவில்லையென்றால் கொட்டகை வாசலைத் தாண்டியதும், "காபி குடிக்கலாமாடா?" என்பாள். அவ்வளவுதான் விமரிசனம். இருபது வருஷமாகக் கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு, அவளுடைய காபித் தாகத்தின்மேல் ஒரு பயம் உண்டு.

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'தக் லைஃப்' படத்துக்கு அவளோடு போயிருந்தேன். 1987இல் வந்த 'நாயகன்' படத்துக்குப் பிறகு, முப்பத்தெட்டு வருஷம் கழித்து மணிரத்னமும் கமல்ஹாசனும் மறுபடியும் சேர்ந்த படம். 'நாயகன்' வந்தபோது அக்கா பள்ளிக்கூடத்துப் பெண். நான் அரை நிஜார்ப் பையன். அந்தப் படத்தை அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள் என்பது அவளுக்கே தெரியாது. ஆகவே, பழைய சிநேகிதி வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவளைப்போல் நல்ல புடைவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தாள்.

இடைவேளையில் விளக்குப் போட்டார்கள். அக்கா என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏண்டா, இதிலே நாம யாருக்காகக் கவலைப்படணும்?"

"கதாநாயகனுக்காகத்தான்" என்றேன், சற்று அவசரமாகவே.

"அவன் கட்டின பெண்டாட்டி இருக்க இன்னொருத்தி வீட்டுக்குப் போறான். வளர்த்த பிள்ளையைச் சந்தேகப்படறான். பிள்ளையோ அவனையே தீர்த்துக்கட்டப் பார்க்கறான். கூட இருக்கிறவங்க எல்லாரும் சமயம் பார்த்துக் கட்சி மாறறாங்க. அவங்களே ஒருத்தருக்காக ஒருத்தர் வருத்தப்படலையே, நான் எதுக்கு வருத்தப்படணும்?"

எனக்குப் பதில் தோன்றவில்லை. முறுக்கு வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்தக் கட்டுரையே அதற்கு நான் தேடிய பதில்தான்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். 'கெட்டவனைக் கதாநாயகனாக்குகிறார்களே, காலம் கெட்டுவிட்டதே' என்று புலம்புகிற கூட்டத்தில் நான் இல்லை. அக்காவும் இல்லை. கெட்டவனுக்காக அழுவது நமக்குப் புதிதா என்ன? வடதமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் திருவிழாக்களின் கடைசியில் துரியோதனன் படுகளம் நடக்கும். மண்ணால் பெரிய உருவமாகத் துரியோதனனைத் தரையில் படுக்கப் போட்டிருப்பார்கள். பல நாள் இரவெல்லாம் கண் விழித்து அவன் செய்த அக்கிரமங்களைக் கூத்தாகப் பார்த்த அதே ஜனங்கள்தாம் அன்றைக்கும் சுற்றி நிற்பார்கள். திரௌபதியின் சபதம் நிறைவேறும். ஆனால் அந்த இடத்திலேயே செத்தவனுக்காக ஒப்பாரியும் எழும். கேட்கிற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். துரியோதனன் நல்லவன் என்று அவர்களில் யாரும் நினைக்கவில்லை. ஆனால் அவன் என்ன கேட்டான், எதை இழந்தான், யாரை அழவைத்தான் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவன் கணக்கு முழுவதும் அவர்கள் கண்ணெதிரே தீர்க்கப்பட்டது.

சினிமாவிலும் இது நமக்குப் பழக்கந்தான். 1954இல் எஸ். பாலசந்தர் டைரக்ட் செய்த ஏவி.எம். படம் 'அந்த நாள்'. அதில் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. கதாநாயகன் ராஜன் ஒரு ரேடியோ என்ஜினீயர். யுத்த காலத்தில் நாட்டின் ரகசியங்களை ஜப்பானியருக்கு விற்கிறவன். அந்த வேஷத்தை ஏற்றவர் சிவாஜி கணேசன். அவன் பிணத்தைக் காட்டித்தான் படமே ஆரம்பமாகிறது. அவன் கெட்டிக்காரத்தனத்தை யாரும் மதிக்காததால் ஏற்பட்ட கசப்பு நமக்குப் புரிகிறது. அதற்காகப் படம் அவனை மன்னித்துவிடவில்லை. மனைவியே அவனுக்கு எதிரே நிற்கிறாள். கடைசியில் குண்டு பாய்வது அவள் கையில் இருந்த துப்பாக்கியிலிருந்துதான். ராஜனை யாருக்கும் பிடிக்காது. ஆனால் படம் முடிகிறவரையில் அவனை விட்டுவிட்டு வேறு எதையும் நினைக்க முடியாது.

1979இல் மகேந்திரன் எடுத்த 'உதிரிப்பூக்க'ளைப் பாருங்கள். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளைத்த படம். அதில் வரும் சுந்தரவடிவேலுவைப்போல் வெறுக்கத்தக்க மனிதனைத் தமிழ்ப் படத்தில் அதிகம் பார்த்திருக்க முடியாது. அவன் கத்துவதில்லை, கத்தியை உருவுவதில்லை. வீட்டுக்குள்ளேயே ஒரு பெண்ணை அங்குலம் அங்குலமாக நசுக்குகிறான். முடிவில் ஊரே சேர்ந்து அவனை ஆற்றங்கரைக்குக் கொண்டு போகிறது. தன்னைத் தண்டிக்க வந்த அவர்களையும் தன்னைப்போலவே ஆக்கிவிட்டதாகச் சொல்லிவிட்டு அவன் ஆற்றில் இறங்குகிறான். கரையில் அவனுடைய இரண்டு குழந்தைகள் நிற்கின்றன. நமக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அவனுக்காகவா, குழந்தைகளுக்காகவா, ஊருக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

இனி 'நாயக'னுக்கு வருவோம். வேலு நாயக்கர் கடத்தல்காரர், கொலைகாரர். தம்மை வளர்த்த மனிதரைக் கொன்ற கேல்கர் என்ற போலீஸ் இன்ஸ்பெக்டரை அடித்தே கொல்கிறார். அந்தப் பழிவாங்கலோடு இன்றைய படமாக இருந்தால் வாத்தியங்கள் முழங்கும்; அடுத்த காட்சிக்குப் போய்விடுவார்கள். 'நாயக'னில் என்ன நடக்கிறது? செத்தவனுக்குப் புத்தி வளராத ஒரு பிள்ளை இருப்பதை வேலு தெரிந்துகொள்கிறார். அந்தக் குடும்பத்தைத் தாமே காப்பாற்றுகிறார். அந்தப் பிள்ளை வளர்ந்து பெரியவனாகிறான். படம் முழுவதும் பின்னால் எங்கோ இருந்துகொண்டே இருக்கிறான். கோர்ட்டில் விடுதலையாகி வெளியே வரும் வேலுவைக் கடைசியில் சுட்டுக் கொல்கிறவன் அவன்தான். நடுவில் மகன் சாகிறான். மகள் கேள்வி கேட்டுவிட்டு வீட்டைவிட்டே போகிறாள். அவள் மணந்துகொள்வது யாரை? தகப்பனைப் பிடிக்கத் துடிக்கும் போலீஸ் அதிகாரியை! பேரப்பிள்ளை தாத்தாவைப் பார்த்து, அவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்கிறான். அவருக்கே விடை தெரியவில்லை. இன்றைக்கும் அந்த இடத்தை ஜனங்கள் பேசிக்கொண்டிருப்பதற்குக் காரணம் வசனத்தின் சாமர்த்தியம் மட்டும் அல்ல; அதற்கு முந்தின இரண்டு மணி நேரமும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

'தக் லைஃப்' படத்தின் தொடக்கத்தில் இதைவிடக் கூர்மையான ஒரு விதை இருக்கிறது. 1994ஆம் ஆண்டு டில்லி. போலீசாரும் சக்திவேலின் ஆட்களும் சுட்டுக்கொள்ளும் சந்தடியில், பத்திரிகை போடுகிற ஓர் ஏழைத் தகப்பன் குண்டு பட்டுச் சாகிறான். அவன் மகனைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு சக்திவேல் தப்புகிறான். பிறகு அந்தப் பையனையே தன் பிள்ளையாக வளர்க்கிறான். எந்த நாவலாசிரியனுக்கும் நாக்கில் நீர் ஊறும் கரு இது! தன் உயிரைக் காத்துக்கொள்ள ஒரு குழந்தையை முன்னால் நிறுத்தியவன், அந்தக் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது என்ன நினைத்திருப்பான்? அன்பா, பிராயச்சித்தமா, பயமா? பையன் அவனை 'அப்பா' ஸ்தானத்தில் வைத்துப் பார்க்கும்போது அவன் முகம் எப்படி மாறியிருக்கும்?

இவற்றில் ஒன்றையாவது நின்று பார்க்கப் படத்துக்கு அவகாசம் இல்லை. பையன் சட்டென்று வளர்ந்துவிடுகிறான். சட்டென்று சந்தேகம், சட்டென்று துரோகம். பனிமலையில் விழுந்தவன் பிழைத்து வந்து பழிவாங்குகிறான். தகப்பனும் பிள்ளையும் ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருந்தார்கள் என்று நாம் உணர்ந்திருந்தால் அல்லவா அந்தத் துரோகம் நம்மைச் சுடும்? கட்டாத வீடு இடிந்தால் யார் அழுவார்கள்?

இந்தக் குறை ஒரு படத்தோடு நிற்கவில்லை. 2023இல் வந்த 'அனிமல்' என்ற இந்திப் படம் தமிழிலும் பேசிற்று. மூன்று மணி இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது. வசூலிலும் குறைவில்லை. தகப்பனின் அன்புக்காகச் சிறு வயதில் ஏங்கியவன், வளர்ந்த பிறகு அந்தத் தகப்பனுக்காக ஆட்களைக் கும்பல் கும்பலாகக் கொல்கிறான். மனைவியை வதைக்கிறான். இன்னொரு பெண்ணைத் தன் காலணியை நக்கச் சொல்கிறான். மனைவி கேள்வி கேட்கிறாள் என்பது உண்மை. ஆனால் அவள் பேசி முடிப்பதற்குள் படம் அவன் பக்கம் போய் நின்றுகொள்கிறது. அவனுடைய இளமை ஏக்கத்தைக் காட்டியதே போதும், இனி அவன் எது செய்தாலும் நாம் சகிக்க வேண்டும் என்பது டைரக்டரின் எண்ணம்போல் இருக்கிறது.

இங்கேதான் தவறு என்பது என் கட்சி. காரணம் வேறு, கணக்கு வேறு. ஒரு மனிதன் ஏன் இப்படி ஆனான் என்று சொல்வது காரணம். அப்படி ஆனதற்கு அவனும் பிறரும் என்ன விலை கொடுத்தார்கள் என்று சொல்வது கணக்கு. இன்றைய படங்கள் ஒரு பூர்வகதையைச் சொல்லிக் காரணத்தைக் கொடுத்துவிடுகின்றன. கணக்கைப் பார்ப்பதே இல்லை. பாத்திரம் நமக்குப் பிடிக்காமல் போவதற்கு அவனுடைய குணம் காரணம் அல்ல. கதை அவனை ஒரு கேள்வியும் கேட்காமல் விட்டதுதான் காரணம்.

சினிமாவில் உதவி டைரக்டராக இருக்கும் இளைஞர் ஒருவர் எனக்குச் சிநேகிதர். அவரிடம் இதைச் சொன்னேன். "சார், நீங்கள் நாவல்காரர். உங்களுக்கு முந்நூறு பக்கம் இருக்கிறது. எங்களுக்கு முதல் மூன்று நாள் வசூல்தான் வாழ்வும் சாவும். அதற்குள் கைதட்டல் வாங்க வேண்டும். கதையை யோசிக்கும்போதே எந்த இடத்தில் விசில் வரும் என்றுதான் முதலில் எழுதுகிறோம். மேலும் இப்போது வெள்ளை, கறுப்பு எல்லாம் போய்விட்டது. சாம்பல் நிறப் பாத்திரங்கள்தாம் மதிப்பு" என்றார்.

அவருடைய கஷ்டம் எனக்குப் புரிகிறது. கோடிக் கணக்கில் பணம் போட்டவனின் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் சாம்பல் வேண்டுமென்றால் முதலில் ஏதாவது எரிந்திருக்க வேண்டும் அல்லவா? எரிவதைக் காட்டாமல் வெறும் புகையைக் காட்டினால் கண்தான் கரிக்கும்.

நேரம் இல்லை என்ற சமாதானத்துக்கும் பதில் இருக்கிறது. 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் முதல் பரிசான 'டைகர்' விருதைப் பெற்ற 'கூழாங்கல்', பி.எஸ். வினோத்ராஜ் டைரக்ட் செய்த படம். முழுப் படமும் ஒன்றேகால் மணி நேரந்தான். குடிகாரன் ஒருவன், கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போன மனைவியை அழைத்துவரப் பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு கிளம்புகிறான். போன இடத்தில் சண்டை. திரும்பி வரப் பஸ்ஸுக்கு வைத்திருந்த பணத்தைப் பையன் கிழித்துப் போட்டுவிடுகிறான். கொளுத்தும் வெயிலில் இருவரும் நடந்தே ஊர் திரும்புகிறார்கள். கதை இவ்வளவுதான். அந்தத் தகப்பனின் இளமைப் பருவத்தைப் பற்றிப் படம் மூச்சே விடவில்லை. அவன் நல்லவனாக மாறவும் இல்லை. ஆனால் தாகத்துக்கு வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொண்டு பின்னால் நடக்கும் அந்தப் பையன் ஒருவனே போதும். அவனுடைய மௌனம் தகப்பனை வழியெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டே வருகிறது. பையனுக்காகக் கவலைப்பட ஆரம்பித்த நாம், பாதி வழியில் அந்த முரடனுக்காகவும் கவலைப்படத் தொடங்கிவிடுகிறோம்.

ஊரார் குற்றத்தையே பேசிக்கொண்டிருப்பது நியாயம் அல்ல. என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் நான் எழுதிய தொடர்கதையில் ஒரு வட்டிக்கடைக்காரர் வருவார். ஈரமே இல்லாத மனிதர். 'யதார்த்தம்' என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டு எழுதினேன். ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். அந்த மனிதர் எங்களை மிரட்டுகிறார், ஆனால் அவர் வீட்டுக்குள் என்னை ஒரு நாளாவது நீங்கள் அழைத்துப் போகவில்லையே என்பது அதன் சாரம். கதை தெரியாதவர் என்று எண்ணிக் கடிதத்தை மேஜை டிராயரில் போட்டு மூடிவிட்டேன்.

அக்காவின் கேள்விக்குப் பிறகுதான் அந்த டிராயரைத் திறந்தேன். தொடர்கதை புத்தகமாக வர இருந்த சமயம். ஓர் அத்தியாயம் புதிதாக எழுதினேன். வட்டிக்கடைக்காரர் தீபாவளிக்குக் கணக்குப்பிள்ளையின் வீட்டுக்கு இனிப்புப் பொட்டலம் கொண்டுபோகிறார். கணக்குப்பிள்ளையின் சின்னப் பெண் அதை வாங்க மறுத்து உள்ளே ஓடிவிடுகிறாள். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் திண்ணையில் நிற்கிறார். அவ்வளவுதான். அவரை நல்லவராக்கவில்லை, ஒருத்தி கேள்வி கேட்டாள், அதை அவர் கேட்டார். இந்த நாலு பக்கத்துக்கு எனக்கு ஒரு வாரம் பிடித்தது. விசில் வருகிற இடங்களை எழுதுவது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அத்தியாயத்தை அக்காவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். முடித்த பிறகு காகிதங்களைச் சமமாக அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் சும்மா இருந்தாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம் பொங்கிற்று.

"காபி குடிக்கலாமாடா?" என்றாள்.

மணி நாலு அடித்திருந்தது. காபி வேளைதான். ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று, அந்த நாலு பக்கத்தையும் மறுபடி என் மேஜைக்கே எடுத்துக்கொண்டு போனேன்.