கட்டமிட்ட வயலில் பிழைக் கணக்கு

திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. இங்கே தலைமடையும் கடைமடையும் ஒரே மகசூல் தருவதில்லை என்பது உழவருக்குப் பழகிய செய்தி. விளைச்சலைக் கூறெடுத்து மதிப்பிடுபவர் அந்த வேறுபாட்டை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் புள்ளியியல் மரபுகள் பிரிகின்றன.

பயிர் அறுவடைப் பரிசோதனையில் ஐந்துக்கு ஐந்து மீட்டர் சதுரம் அளந்து, முளையடித்துக் கயிறு கட்டி, உள்ளே நிற்கும் தூர்களை மட்டும் அறுத்து, அடித்துத் தூற்றி எடை போடுவார்கள். அதை 400ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேர் மகசூல். இந்தச் சதுரங்களை வாய்க்கால் நெடுகச் சம இடைவெளியில் அமைத்தால் பாசனப் பரப்பு முழுவதும் கண்ணில் படும். ஆனால் சீட்டுப் போட்டு எடுத்தது முதல் இடம் ஒன்றைத்தான். மற்றவை அதன் பின்னால் வந்தவை. ஒரே சீட்டிலிருந்து மதிப்பீட்டின் மாறுபாட்டைப் பிழையறக் கணிக்க வழியில்லை. 1944இல் வில்லியம் மேடோ, லில்லியன் மேடோ தம்பதியர் இப்படிச் சம இடைவெளியில் எடுக்கும் முறைசார் கூறெடுப்பின் கோட்பாட்டை வகுத்தபோதே இந்தச் சிக்கல் வெளிப்பட்டுவிட்டது.

எல்லாச் சதுரங்களும் தற்செயலாக விழுந்தவை என்று பாவித்துக் கணக்கிடுவது எளிய வழி. தலைமடையிலிருந்து கடைமடைக்கு மகசூல் சீராக இறங்கும் இடத்தில் அது பிழையைப் பெரிதாக்கிக் காட்டும். அடுத்தடுத்த கூறுகளின் வித்தியாசத்தை எடுப்பது அதைவிட மேல். மெல்லிய இறக்கம் அதில் கழிந்துவிடும்.

வயலையே ஒரு புள்ளியியல் மாதிரியிலிருந்து பிறந்ததாகக் கருதியவர் புள்ளியியலர் காக்ரன். தூரம் கூடக் கூட மகசூலின் ஒட்டுறவு மேல்நோக்கிக் குழிவாகக் குறைந்துகொண்டே போனால், சம இடைவெளிக் கூறெடுப்பு சராசரியில் அடுக்குமுறைக் கூறெடுப்புக்குப் பின்தங்காது என்று 1946இல் நிறுவினார். சுவீடன் காடுகளுக்காக மத்தேர்ன் 1960இல் இதை இருபரிமாணப் பரப்புக்கு விரித்தார். என் பார்வையில் காவிரி டெல்டாவுக்கு நெருக்கமானது இந்த மரபே. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: வாய்க்காலின் போக்கில் ஒட்டுறவு ஒரு விதம், குறுக்கே வேறு விதம். திசை பாராமல் பொருத்திய மாதிரியை நான் ஏற்கமாட்டேன்.

அப்போதும் மகலனோபிஸ் வங்காளச் சணல் கணக்கெடுப்பில் கையாண்ட வழியை விட முடியாது. ஒரே பரப்பில் தனித்தனியாக இரண்டு கூறுத்தொகுதிகள் எடுத்து, இரண்டின் முடிவையும் ஒப்பிட்டார் அவர். கட்டத்தின் இடைவெளியும் வரப்புகளின் இடைவெளியும் ஒத்துப்போனால் எல்லாச் சதுரமும் வரப்போரத்திலேயே விழக்கூடும். கூறுகள் ஒன்றுபோல் இருப்பதால் மாதிரி மிகச் சிறிய பிழையைக் காட்டும். இரண்டாவது சீட்டு நடுவயலில் விழுந்தால்தான் குட்டு வெளிப்படும்.