எள்ளப்பட்டவன் நகை: பு. ல. தேஷ்பாண்டேயின் நகைச்சுவை

நகை தோன்றும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைத் தொல்காப்பியர் சுட்டுவார். எள்ளலைப் பேராசிரியர் இரண்டாகப் பகுப்பார்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதல் மற்றொன்று. தமிழ் நகைச்சுவை ஆய்வுகள் பெரும்பாலும் முதற்கூற்றோடு நின்றுவிடுகின்றன. இரண்டாம் கூற்றின் ஆற்றலை அறிய மராத்தி எழுத்தாளர் புருஷோத்தம் லக்ஷ்மண் தேஷ்பாண்டே (1919-2000) ஏற்ற சான்றாவார். மும்பையில் பிறந்து புனேயில் மறைந்தவர் அவர். அந்நகரின் போபோடி, கட்கிப் பகுதிகளில் தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்துவரினும், தமிழ் ஒப்பாய்வில் அவர் போதிய இடம் பெறவில்லை.

சாகித்திய அகாதெமி விருது (1965) பெற்ற ‘வியக்தி ஆணி வல்லீ’ நூலில் வரும் அந்து பர்வா என்னும் இரத்தினகிரி முதியவரை இங்குக் கருதலாம். ஊரையே நாவால் கிழிப்பவர் அவர். ஆயினும் வீட்டிற்கு மின்விளக்குப் பெறாமைக்குத் தம் வறுமையையே காரணமாக்கி நகும்போது, எள்ளுவோரும் எள்ளப்படுவோரும் அவரே ஆகின்றார். மனைவி மறைந்தபின் வாயில் மாமரம் பூக்கவில்லை என அவர் கூறுமிடத்தில் நகை அழுகையாகத் திரிகின்றது. இத்திரிபு திடீரென நிகழ்வதன்று. முதலிலிருந்தே அச்சிரிப்பினுள் அவலம் உறைந்துள்ளது. ‘அஸா மீ அஸாமீ’யில் சிறு அலுவலக எழுத்தர் ஒருவர் தம் கதையைத் தாமே கூறி நகுவதும் இவ்வகையினதே.

திரைப்படம் இவ்வகை நகைக்கு முழுதும் இடந்தரவில்லை எனலாம். 1953இல் வெளிவந்த ‘குளாச்சா கணபதி’யில் திரைக்கதை, இயக்கம், இசை, தலைமை நடிப்பு ஆகிய அனைத்தும் தேஷ்பாண்டேயுடையவை. தலைப்பைத் தமிழில் ‘வெல்லப் பிள்ளையார்’ எனலாம், பொருத்தமும் அப்படியே. பகற்கனவில் உழலும் அப்பாவி ஒருவனின் பேதைமையே அதன் நிலைக்களன். பார்வையாளர் அவனைப் பார்த்துச் சிரிக்கின்றனர். அவன் தன்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை. இதன்பின் அவர் திரையைவிட்டுப் பெரிதும் விலகி வானொலிக்குச் சென்றார். 1959இல் தில்லியில் தொடங்கிய தொலைக்காட்சியின் முதல் தயாரிப்பாளர்களுள் ஒருவராகி, அதற்கென நேருவை நேர்காணலும் செய்தார். அங்கும் அவர் நெடுநாள் தங்கவில்லை.

அவருக்குரிய வடிவம் தனிநபர் அரங்கிலேயே கைகூடியது. மும்பை ஒண்டுக்குடித்தனக் கட்டடம் ஒன்றின் வாழ்வைக் கூறும் ‘படாட்யாச்சி சாள்’ நூலை மேடையில் அவர் ஒருவரே நிகழ்த்தினார். குடியிருப்போர் அனைவரும் ஒரே குரலுக்குள் வந்து போயினர். இதன் வேரை மராத்தியக் கீர்த்தன மரபில் காணலாம். அம்மரபே தஞ்சை மராத்தியர் வழி தமிழகம் புகுந்து, கிருஷ்ண பாகவதர் கையில் ஹரிகதையாக வளம்பெற்றது. கீர்த்தனத்தின் முற்பகுதிக்குப் ‘பூர்வரங்கம்’ என்று பெயர். கீழை நாடுகளைப் பற்றிய தம் பயண நூலுக்குத் தேஷ்பாண்டே ‘பூர்வரங்க்’ எனப் பெயரிட்டமை சிலேடை நயமுடையது. காளமேகத்தைக் கற்றோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

அவரது நகை யாரையும் புண்படுத்தாத மென்னகை என்னும் கருத்து ஏற்புடையதன்று. 1977 தேர்தலின்போது நெருக்கடி நிலையை எதிர்த்து மேடைகளில் பேசினார். 1996இல் மகாராஷ்டிர பூஷண் விருதைப் பெற்றபோது, விருதளித்த அரசையே விமர்சித்தார். தன்னைத் தான் எள்ளிப் பழகியவனுக்கு அதிகாரத்தை எள்ளும் உரிமை தானே வாய்க்கின்றது.

மேடையிலிருந்து திரைக்கும் சின்னத்திரைக்கும் சென்ற கிரேசி மோகன் (1952-2019) தமிழில் இன்றும் சொல்விளையாட்டு வல்லுநர் என்ற அளவிலேயே மதிப்பிடப்படுகின்றார். அவர் நாடகங்களின் ‘மாது’வோ, தானே பின்னிய குழப்பத்தில் தானே சிக்கி எள்ளப்படுபவன். பேராசிரியர் காட்டிய இரண்டாம் கூறு அங்கும் தொழிற்படுகின்றது. ஆய்வாளர் கண்ணோ சிலேடையைத் தாண்டி அங்குச் செல்லவில்லை.