வெள்ளையடித்த இலை: ஓவியனின் அறையும் அலங்காரத்தின் அரசியலும்

1

நம்முடைய விமர்சன மொழியில் 'அலங்காரம்' ஒரு வசைச்சொல். ஒரு கவிதையைக் கவிழ்க்க 'வெறும் அலங்காரம்' என்ற இரண்டு சொற்கள் போதும். தமிழ் எம்.ஏ. வகுப்பில் தண்டியலங்காரத்தை நெட்டுருப் போட்டு மார்க் வாங்கிய நாமேதான், சிறுபத்திரிகைப் பக்கம் வந்ததும் அணி என்றால் முகம் சுளிக்கக் கற்றுக்கொண்டோம். உள்ளடக்கம் என்று ஒன்று முதலிலேயே இருக்கிறது, அதன்மேல் பிற்பாடு பூசப்படுவது அலங்காரம், பூச்சைச் சுரண்டினால் உண்மை தெரியும் என்கிற நம்பிக்கை இது. மார்க்சியர்களும் தூய கலைவாதிகளும் சண்டையில்லாமல் ஒத்துப்போகிற சில இடங்களில் இதுவும் ஒன்று.

இந்த நம்பிக்கைக்கு ஐரோப்பாவில் ஒரு புகழ்பெற்ற சாசனம் உண்டு. வியன்னாவின் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லூஸ் 1910 வாக்கில் உரையாக நிகழ்த்திய 'அலங்காரமும் குற்றமும்'. பாப்புவாக்காரர் பச்சை குத்திக்கொண்டால் குற்றமில்லை, நவீன மனிதன் குத்திக்கொண்டால் அவன் குற்றவாளி அல்லது சீரழிந்தவன் என்பது அதன் வாதம். பண்பாடு வளர வளர அன்றாடப் பொருள்களிலிருந்து அலங்காரம் உதிர்ந்துவிடுமாம். வரலாற்றை ஓர் ஏணியாக்கி, அதன் கீழ்ப்படியில் கறுப்பு உடலை நிறுத்திவைக்கிற காலனியச் சொல்லாடல் இது. இதைச் சொல்லிவிட்டு லூஸைத் தூக்கிப் போட்டுவிடலாம்தான். ஆனால் அவரிடம் இன்னொரு வாதமும் இருக்கிறது, அது உழைப்பைப் பற்றியது. அலங்காரப் பொருளைச் செய்ய அதிக நேரம் பிடிக்கிறது, அதற்கேற்ற கூலி தொழிலாளிக்குக் கிடைப்பதில்லை, மோஸ்தர் மாறியதும் அத்தனை உழைப்பும் குப்பைக்குப் போகிறது என்கிறார். இதை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. அதே உரையில் தனக்கு ஷூ தைக்கிறவரைப் பற்றியும் பேசுகிறார். ஷூவில் பூவேலை செய்வது அவருக்குச் சந்தோஷம் தருகிறது, அதை நான் பறிக்கமாட்டேன், நமக்காவது வேலை முடிந்ததும் பீத்தோவன் இருக்கிறார், அவருக்கு அது இல்லையே என்கிற தோரணையில். ஆக, அலங்காரம் வேண்டாம் என்று சொல்வதற்கே ஒருவன் பீத்தோவன் கேட்கிற வர்க்கமாக இருக்க வேண்டியிருக்கிறது.

லூஸ் பேசுவது வேலை ஓரிடத்தில், ஓய்வு வேறிடத்தில் என்று பிரிந்துபோன வாழ்க்கையை. வால்டர் பெஞ்சமின் 1935இல் பாரிஸ் பற்றி எழுதிய கட்டுரை வரைவில் இந்தப் பிரிவினையின் வரலாற்றைச் சொல்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பூர்ஷ்வாவுக்குத்தான் முதன்முதலாக வீடு என்பது வேலையிடத்துக்கு எதிர்ப்பதமாகிறது. அலுவலகத்தில் நிஜத்தோடு மல்லுக்கட்டுகிறவன் வீட்டுக்குள் தன் கனவை ஜோடித்து வைத்துக்கொள்கிறான். வீட்டு அலங்காரம் என்ற தனித்துறை இப்படித்தான் முளைக்கிறது.

சரி, வேலையும் குடித்தனமும் ஒரே அறைக்குள் என்றால்? ஒரே மேசையில் படம் எழுத வேண்டும், சாப்பிடவும் வேண்டும். அங்கே சுவரில் ஓர் அட்டையை ஒட்டுவது வேலையா, அலங்காரமா? பாரிஸில் மோன்பர்னாஸ் பகுதியில் இருந்த இரண்டு அறைகளை வாசித்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் இடையே நடந்து போய்விடுகிற தூரம்தான்.

2

முதல் அறை தெபார் தெரு, 26ஆம் எண். டச்சு ஓவியர் பியத் மோந்த்ரியான் 1921 முதல் 1936 வரை குடியிருந்த ஸ்டூடியோ. பக்கத்திலேயே ரயில் நிலையம். அறை சதுரமானதுகூட இல்லை, கோணல்மாணலான ஐங்கோணம். செங்கோணத்தைத் தவிர வேறெதையும் படத்தில் அனுமதிக்காதவருக்கு வாய்த்த அறை இது.

இந்த அறையில் அவர் செய்தது எளிமையான காரியம். சுவர்களுக்கு வெள்ளையடித்தார். சிவப்பு, நீலம், மஞ்சள், சாம்பல் நிறங்களில் செவ்வக அட்டைகளைச் சுவர்களில் குத்திவைத்தார். அட்டைகளை அடிக்கடி இடம் மாற்றினார். ஈசல் இருந்தது, ஆனால் அது படத்தை நிறுத்திவைத்துப் பார்ப்பதற்குத்தான். வரைவதெல்லாம் மேசைமேல் படுக்கவைத்து. 1930இல் இந்த அறைக்கு வந்த அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர், சுவரிலிருக்கிற செவ்வகங்களெல்லாம் அசைந்தால் எப்படியிருக்கும் என்று கேட்டார். மோந்த்ரியான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் கால்டர் அருவக் கலைக்கு வந்ததும், அவருடைய தொங்கி அசையும் சிற்பங்களும் அந்தச் சந்திப்பிலிருந்துதான் தொடங்கின. அங்கே அவரை உலுக்கியது தனியொரு ஓவியமில்லை, அறைதான்.

ஆக, 'வெறும் அலங்காரம்' என்கிற சொல் இங்கே செல்லுபடியாகாது. சுவரில் நகர்ந்த அட்டைதான் கித்தானில் என்ன நடக்கலாம் என்பதையும் சோதித்தது. 1927இல் வெளியான 'வீடு - தெரு - நகரம்' என்ற கட்டுரையில், வீடு இனியும் உலகத்திலிருந்து ஒளிந்துகொள்கிற கூடாக இருக்கக்கூடாது, அறையும் தெருவும் நகரமும் ஒரே ஒழுங்கின் தொடர்ச்சியாக வேண்டும் என்று வாதிடுகிறார். பெஞ்சமின் சொல்கிற பூர்ஷ்வா அறைக்கு நேரெதிரான கனவு இது. அட்டையும் வெள்ளைச் சுண்ணாம்பும் கொண்டு ஓர் ஏழை ஓவியர் ஒரு கற்பனாலோகத்தைத் தன் குடித்தனத்துக்குள்ளேயே கட்டிப்பார்த்தார் என்பதை நாம் மதிக்கத்தான் வேண்டும்.

ஆனால் வாசலில் ஒரு பூச்சாடி இருந்தது. 1926இல் ஆந்த்ரே கெர்தெஸ் எடுத்த புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. இந்தப் பக்கம் மேசை, அதன்மேல் சாடியில் ஒற்றைப் பூ. அந்தப் பக்கம் கதவைத் தாண்டி வளைந்து இறங்கும் படிக்கட்டு. அது செயற்கை ட்யூலிப். அதன் இலைக்கு மோந்த்ரியான் வெள்ளையடித்திருந்தார். பச்சை என்கிற நிறம் அறைக்குள் நுழையக்கூடாது. அவருடைய நண்பரும் வாழ்க்கை வரலாற்றாசிரியருமான மிஷெல் ஸோபோர், அந்தப் பூ ஒரு பெண்ணின் இருப்புக்கான குறியாக அங்கே நின்றது என்று எழுதுகிறார். மோந்த்ரியான் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை.

சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் டச்சுக் கிளையில் 1909இல் சேர்ந்தவர் அவர். 1912-14 காலத்துக் குறிப்பேடுகளில் ஆண் ஆன்மா, பெண் ஜடம். ஆண் நெடுக்கு, பெண் கிடை என்கிற எதிர்வுகளை வரிசையாக அடுக்குகிறார். இந்தப் பின்னணியில் வெள்ளை இலையைப் பார்த்தால் அது ஒரு கிறுக்குத்தனமாகத் தெரியாது. இயற்கை, பெண், பச்சை மூன்றும் ஒரே பக்கம் ஒதுக்கப்பட்டு, அவற்றின் வெளுக்கப்பட்ட குறி மட்டும் வாசலில் வரவேற்புக்கு நிறுத்தப்படுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. 1920களின் முதல் பாதியில் மோந்த்ரியான் பிழைப்புக்காகச் செய்த வேலைகளில் ஒன்று பூக்களை நீர்வண்ணத்தில் வரைந்து விற்பது. சாமந்தி, லில்லி, ரோஜா. ஹாலந்தில் இருந்த நண்பர்கள் வாங்குபவர்களைப் பிடித்துக் கொடுத்தார்கள். அவருடைய கோட்பாட்டு ஓவியங்களுக்கு அப்போது விலை இல்லை. அதாவது, பூவைக் கோட்பாட்டிலிருந்து விரட்டிய அறைக்குப் பூதான் வாடகை கட்டியது. இதை அவருடைய முரண்பாடு என்று காட்டிக் கைதட்டுவது என் நோக்கமில்லை. சோற்றுக்கு வரைகிற யாரும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அலங்காரம் இங்கே என்ன வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி. ஒரே அறைக்குள் கலையையும் பிழைப்பையும் பிரிக்கச் சுவர் கிடையாது. அந்தச் சுவரை வேறு வழியில் எழுப்பித்தான் ஆகணும். அலங்காரம்தான் அந்தச் சுவர். எது இங்கே 'கலை', எது இங்கே பார்க்கப்படக்கூடாதது என்று அது தீர்மானிக்கிறது. நமக்குக் கிடைக்கிற புகழ்பெற்ற புகைப்படங்களில் சுவர், மேசை, ஈசல், மூக்குக் கண்ணாடி, புகைக்குழாய் எல்லாம் உண்டு. எச்சில் தட்டு கிடையாது.

3

இரண்டாவது அறை ஷெர்ஷ்-மிதி தெரு, 87ஆம் எண், கூரையடி அறை. வேல்ஸைச் சேர்ந்த ஓவியர் க்வென் ஜான் 1907 வாக்கில் இங்கே குடிவந்தார். பாரிஸுக்கு 1904இல் வந்தவர் அவர். மற்ற ஓவியர்களுக்கு மாடலாக நின்று மணிக்கணக்கில் கூலி வாங்கிப் பிழைத்தார். சிற்பி ரோதானுக்கும் மாடல், அவருடைய காதலியும்கூட. ரோதானுக்கு அவர் எழுதிய ஏராளமான கடிதங்கள் பாரிஸில் ரோதான் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ரோதான் வருவார் என்று அறையை ஒழுங்குபண்ணி வைத்த செய்தி அந்த உறவின் கதையில் திரும்பத் திரும்ப வருகிறது.

இந்த அறையை அவர் ஓவியமாக்கினார். 'பாரிஸில் ஓவியரின் அறை, ஒரு மூலை' என்று பொருள்படும் தலைப்பில், 1907-09 காலத்தில் வரையப்பட்டது. ஒரு வடிவம் ஷெஃபீல்டில் இருக்கிறது, ஜன்னல் திறந்த இன்னொரு வடிவம் கார்டிஃபில். ஷெஃபீல்டு படத்தில் சரிந்த கூரைச்சுவர், மெல்லிய திரைபோட்ட ஜன்னல், பிரம்பு நாற்காலி, அதில் சாய்த்துவைத்த சின்னக் குடை, சிறு மேசைமேல் பூக்கள். வெளிச்சம். அவ்வளவுதான். தலைப்பு ஓவியரின் அறை என்கிறது. ஆனால் ஈசல் இல்லை, தூரிகை இல்லை, வண்ணக்குழாய் ஒன்றுகூட இல்லை.

மோந்த்ரியானின் அறை குடித்தனத்தை மறைத்துக் கலையைக் காட்டியது. க்வென் ஜானின் ஓவியம் கலைத்தொழிலின் தடயங்களையெல்லாம் மறைத்துவிட்டுக் குடித்தனத்தைக் காட்டுகிறது. ஆண் ஓவியனுக்கு எச்சில் தட்டு அசிங்கம். பெண்ணுக்கு ஈசல்தான் அசிங்கமோ? வருகிற காதலனின் பார்வைக்காகப் பெருக்கித் துடைத்த அறைதானே இது என்று ஒரு வாசிப்பு சொல்லும். அது பொய்யில்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் அவரை இன்னொரு தடவை யாருக்கோ மாடலாக நிறுத்தியதாகிவிடும்.

மறுபடி பாருங்கள். அந்த அறையில் யாருமே இல்லை. நாற்காலி காலி. அடுத்தவர் பார்க்க உடம்பைக் கொடுத்துக் கூலி வாங்குகிற ஒருத்தி, தன் முறை வந்தபோது தன்னைப் பார்க்கக் கொடுக்கவில்லை. அறையை மாடலாக உட்காரவைத்துவிட்டு இவர் இந்தப் பக்கம் வந்து பார்க்கிறவராகிவிட்டார். ஈசல் படத்தில் இல்லாததற்குக் காரணம், அது படத்துக்கு முன்னால் இருக்கிறது, அதன் பின்னால் அவர் நிற்கிறார். பூவை எங்கே வைப்பது, குடையை எந்தச் சாய்வில் நிறுத்துவது, திரையை எவ்வளவு விலக்குவது என்கிற வீட்டுக்காரியம் அத்தனையும் இங்கே ஓவியத்தின் வேலை. வர்ஜீனியா வுல்ஃப் பெண் எழுத்தாளருக்குத் தனி அறையும் ஆண்டுக்கு 500 பவுண்டும் வேண்டும் என்று 1929இல் எழுதினார். அதற்கு இருபது வருஷம் முன்னால் இங்கே அறை இருந்தது, 500 பவுண்டு இல்லை. தனி அறை கிடைத்துவிட்டால் பிரச்சினை முடிந்துவிடுகிறது என்று பேசுகிறவர்கள் அந்த நாற்காலியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம்.

4

இந்த அறைகளுக்கு அப்புறம் என்ன ஆச்சு?

ரயில் நிலைய விரிவாக்கத் திட்டத்தால் தெபார் தெருக் கட்டடம் இடிபட இருந்தது. 1936இல் மோந்த்ரியான் காலி செய்தார். போர் துரத்த 1938இல் லண்டன், 1940இல் நியூயார்க். கடைசி அறை அங்கே கிழக்கு 59ஆம் தெருவில். சாமான் பெட்டிகளை உடைத்து மேசையும் அலமாரியும் செய்து வெள்ளையடித்துக்கொண்டார். மறுபடியும் சுவரில் வண்ண அட்டைகள். 1944 பிப்ரவரியில் இறந்தபோது ஈசலில் 'விக்டரி பூகி வூகி' முடியாமல் நின்றது, வண்ண நாடாத் துண்டுகள் ஒட்டியபடியே. சில வாரங்கள் அந்த அறை பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவைக்கப்பட்டது. முடியாத அந்தப் படத்தை 1998இல் 8 கோடி கில்டருக்கு வாங்கி ஹேக் நகர அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். பாரிஸ் அறையை, இருக்கிற புகைப்படங்களை அளந்து, 1990களில் டச்சுக் கட்டடக் கலைஞர் ஃப்ரான்ஸ் போஸ்ட்மா முழு அளவில் மறுபடி கட்டிக்காட்டினார். டிரெஸ்டன் நகரத்துச் சேகரிப்பாளர் ஈடா பீனெர்ட்டுக்காக 1926இல் மோந்த்ரியான் போட்டுக்கொடுத்த அறைத் திட்டம் அவர் காலத்தில் காகிதமாகவே இருந்தது. 1970இல் நியூயார்க் காலரி ஒன்று அதை ஃபார்மைக்காவில் செய்து காட்சிக்கு வைத்தது. தெருவோடு கலக்க நினைத்த அறை, டிக்கெட் வாங்கிப் பார்க்கிற அறையாகிவிட்டது.

இதைவிடப் பெரிய காரியம் அதே நியூயார்க்கில் சோஹோ பகுதியில் நடந்தது. ஆலைகள் வெளியேறிய மாடிக்கூடங்களில் ஓவியர்கள் சட்டவிரோதமாகக் குடியேறினார்கள். அங்கேயே படுக்கை, அங்கேயே பட்டறை. செங்கலும் இரும்புக்குழாயும் அப்படியே தெரிந்தன, பூசக் காசில்லை. 1971இல் மாநகராட்சி, கலைஞர் என்று சான்றிதழ் வாங்கியவர்கள் அங்கே குடியிருக்கலாம் என்று விதியை மாற்றியது. பிறகு வசதியானவர்கள் வந்தார்கள், வாடகை ஏறியது. ஷாரன் ஜூகின் 1982இல் வெளியிட்ட 'லாஃப்ட் லிவிங்' இதை விரிவாகப் பேசுகிற நூல். காசில்லாததால் பூசாமல் விட்ட செங்கல், காசுள்ளவர் செலவழித்து வரவழைக்கிற அலங்காரமாக மாறியது. ஒற்றை அறையை 'ஸ்டூடியோ' என்று பெயர் மாற்றி விற்கிற இன்றைய ரியல் எஸ்டேட் விளம்பரம், சமையலறைக்குச் சுவர் இல்லாததையும் படைப்புச் சுதந்திரம் என்று சொல்லித் தலையில் கட்டுகிறது. வேலை நேரத்துக்கும் வீட்டு நேரத்துக்கும் வித்தியாசமில்லாத உடம்பு இன்று மூலதனத்துக்கு ரொம்பவும் பிடித்தமான உடம்பு. 'வீடு - தெரு - நகரம்' கனவு இப்படித் தலைகீழாக நிறைவேறும் என்று மோந்த்ரியான் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அப்படியானால் அறையை ஜோடிக்கக்கூடாதா? லூஸ் மாதிரி தடை போட்டுவிடலாமா? நான் அதைச் சொல்லவில்லை. க்வென் ஜானின் காலி நாற்காலியும் ஷூ தைக்கிறவரின் பூவேலையும் தடைகளால் காப்பாற்றப்படுகிறவை அல்ல. அலங்காரத்தைச் சுரண்டினால் அடியில் உண்மை இருக்கும் என்று நம்புவதைத்தான் விட வேண்டும் என்கிறேன். ஒழுங்காக இருக்கிற அறையைப் பார்த்தால் இங்கிருந்து எது ஒதுக்கப்பட்டது, ஒதுக்கியது யார் கை, வாடகை எதிலிருந்து வருகிறது என்று கேட்போம். அலங்கோலமான அறையைப் பார்த்தாலும் இதையேதான் கேட்க வேண்டும்.

நானும் ஓர் அறையும் அடுக்களையும் உள்ள வாடகை வீட்டில்தான் இதை எழுதுகிறேன். புத்தகமும் புரூஃபும் குவிந்து கிடக்கிற இந்த மேசையை நண்பர்கள் வந்து பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள், எழுதுகிறவன் மேசை இப்படித்தான் இருக்கணும் என்று. அதே மூலையில் கொடியில் கிடக்கிற துணியை, ஆட்கள் வருவதற்கு முன்னால் எடுத்துவிடச் சொல்லி நானே பலமுறை குரல் கொடுத்திருக்கிறேன். புத்தகக் குவியலை அப்படிச் சொல்லத் தோன்றியதில்லை. துணியை எடுத்து உள்ளே போட்டது ஒருநாளும் நானில்லை.