மரப்பாலமும் கித்தா காடும்

1957-இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' போர்க்காலப் படங்களுள் தலையாயதாக உலகெங்கும் போற்றப்படுகிறது. ஆயினும் சுங்கை செம்பிலாங் முதல் பத்தாங் பெர்ஜுந்தை வரையிலான வட சிலாங்கூர்த் தோட்டப்புறத்துத் தமிழர் அதைப் பார்க்கும் பார்வை வேறெவர் பார்வையையும் ஒத்ததன்று. படத்துக்கு மூலமான நாவலை 1952-இல் எழுதிய பிரெஞ்சுக்காரர் பியேர் பூல், எழுத்தாளராவதற்கு முன் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில், அதாவது தோட்டத்தார் கித்தா காடு என்று சொல்லும் இடத்தில், 1936 முதல் 1939 வரை பணியாற்றிய பொறியாளர். அவருக்கு முன்பே கோல சிலாங்கூரின் ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் திறந்து, தமிழ்ப் பெயரையே தாங்கிய தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்ட ஆன்றி ஃபோக்கோனியேயும் ஒரு நாவலாசிரியரே. அவருடைய 'மலேசி' 1930-இல் பிரான்சின் உயரிய கோன்கூர் பரிசைப் பெற்றது. பால்மரங்களுக்கு நடுவே தமிழரின் உழைப்பை நாள்தோறும் கண்ட கண்கள் இவை இரண்டும் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டே படத்துக்குள் நுழைய வேண்டும்.

சயாம்–பர்மா ரயில் பாதைக்காக ஆற்றின் மேல் பாலம் கட்டும்படி ஜப்பானியத் தளபதி சைட்டோ கட்டளையிட, அதிகாரிகள் உடலுழைப்பு செய்வது போர்க்கைதிகள் பற்றிய ஒப்பந்தத்துக்கு மாறானது என்று பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சன் மறுக்கிறார். வெயிலில் கொதிக்கும் தகரக் கூண்டில் அடைபட்டும் பணியாது வென்ற பிறகு, தம் வீரர்களின் மனவுறுதியைக் காக்கவென்று அந்தப் பாலத்தைத் தாமே முன்னின்று, ஜப்பானியர் கட்டியிருக்கக்கூடியதைவிடச் சிறப்பாகக் கட்டி முடிக்கிறார். எதிரியின் பாலம் என்பது மெல்ல மறந்துபோய், அது அவருடைய பாலமாகிவிடுகிறது. அந்தக் காட்டிலுள்ள ஒருவகை மரம் எல்ம் மரத்தை ஒத்தது என்றும், பழைய லண்டன் பாலத்தின் எல்ம் தூண்கள் அறுநூறு ஆண்டுகள் நின்றன என்றும் கேட்டவுடன் கைதியான அந்த முதியவரின் முகத்தில் எழும் ஒளியைத் தோட்டப்புறத்தார் உடனே அடையாளம் கண்டுகொள்வர். தனக்குச் சொந்தமில்லாத மரத்தில், உள்மரம் காயப்படாமல் பட்டையை மெல்லிதாகச் சீவி இறக்குவதில் பெருமை கொண்ட பால்வெட்டுக்காரரின் முகமும் அதே ஒளி கொண்டதுதான். பிறருடைய உடைமையின் மீது வைத்த தொழில் பற்றை இத்தனை ஆழமாகவும் இத்தனை அச்சத்தோடும் ஆராய்ந்த படம் வேறொன்று உண்டா என்பது ஐயமே.

இயக்குநர் டேவிட் லீன் அந்தப் பற்றைப் பார்வையாளருக்கும் ஊட்டுகிறார். இலங்கையில் களனி ஆற்றங்கரையிலுள்ள கித்துல்கலையில் ஏறத்தாழ 425 அடி நீளமும் 90 அடி உயரமும் கொண்ட உண்மையான மரப்பாலமே எழுப்பப்பட்டது. மரங்களை யானைகள் இழுத்தன. ஒளிப்பதிவாளர் ஜாக் ஹில்ட்யார்டு, ஆளும் மலையும் ஆறும் ஒருங்கே தெரியும் தூரக்காட்சிகளில் அது தூண் தூணாக வளர்வதைக் காட்டுவதால், இறுதியில் வெடிவைக்க வரும் நேசநாட்டு வீரர்கள் நம் தரப்பினர் என்று அறிந்தும் பாலம் தப்பாதா என்று மனம் அடித்துக்கொள்கிறது. நாவலில் பாலம் தப்புகிறது. படத்தில் ரயிலோடு ஆற்றில் சரிகிறது. இந்த மாற்றம் படத்தை உயர்த்தியதே அன்றித் தாழ்த்தவில்லை.

ஏழு ஆஸ்கர் விருதுகளுள் ஒன்றைப் பெற்ற அலெக் கின்னஸின் நடிப்பில் இரண்டு இடங்கள் நின்று பார்க்கத்தக்கவை. கூண்டிலிருந்து வெளியே விடப்பட்டவர் சைட்டோவின் குடிலை நோக்கி நடக்கும் நடையில் முழங்கால்கள் தள்ளாட முதுகு மட்டும் வளையாது நிற்கிறது; இளம்பிள்ளைவாதத்திலிருந்து மீண்டுவந்த தம் மகனின் நடையை நினைத்தே கின்னஸ் அதை அமைத்தார். மற்றொன்று, முடிந்த பாலத்தின் மேல் அந்திப்பொழுதில் தம் 28 ஆண்டுச் சேவையில் எஞ்சியது என்ன என்று அவர் கணக்குப் பார்க்கும் காட்சி. அங்கே கேமரா அவர் முகத்தை நாடாமல் பெரும்பாலும் முதுகுப்புறமே நிற்க, பேச்சின் நடுவே கைக்கோல் நழுவி ஆற்றில் விழுகிறது. அமெரிக்கக் கைதிக்கும் செவிலிக்கும் இடையிலான காதலோ வணிகத்துக்காகச் சேர்த்தது. அது இல்லாமலும் படம் நின்றிருக்கும்.

போர்க்காலக் காதல் படங்களின் உச்சமான 'காசாபிளாங்கா' 1942-இல் ஏறத்தாழ முழுக்க ஸ்டூடியோவுக்குள் எடுக்கப்பட்டது. அதன் விமான நிலையத்து மூடுபனிகூடச் செயற்கையானது. ஆனால் மதுவிடுதியில் பிரெஞ்சு நாட்டுப்பண் எழும் காட்சியில் பாடிய பலர் நாஜிகளுக்குத் தப்பி ஓடிவந்த அகதிகள் என்பதால், நடிகை மேடலின் லெபோவின் கண்ணீர் நடிப்பென்று தோன்றுவதில்லை. அங்கே ஊர் பொய், முகங்கள் மெய். குவாய் படத்திலோ ஆறும் காடும் மரமும் மெய்யாக இருக்க, முகங்களுள் பெரும்பகுதி விடுபட்டுப்போனது.

தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதையில் 60,000-க்கு மேற்பட்ட நேசநாட்டுக் கைதிகள் உழைத்து, ஏறத்தாழ 12,000 பேர் மாண்டனர். 'ரோமுஷா' என்று ஜப்பானியர் அழைத்த ஆசியத் தொழிலாளர்களோ 1,80,000-க்கும் அதிகம். மாண்டோர் 90,000 அளவில் என்று மதிப்பிடப்படுகிறது. மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட 70,000-க்கு மேற்பட்டோருள் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். வாந்திபேதி பரவிய முகாம்களில் அவர்களுக்கென்று வாதாட ஒரு நிக்கல்சன் இல்லை, மருத்துவரும் அரிது. படத்தின் தொடக்கத்தில், ஓடும் ரயிலிலிருந்து பார்ப்பதுபோல் பாதையோரக் கல்லறைச் சிலுவைகள் வரிசையாகக் கடந்துபோகும் காட்சி மிகச் செம்மையானது. அதை எத்தனை முறை பார்த்தாலும், சிலுவை நடப்படாத மற்ற மண்மேடுகளைத் தேடிக் கண் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறது. அந்த வெளியைத் தமிழில் எழுத்து நிரப்பியது, ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்களில் அவர்கள் பெயரோடும் ஊரோடும் குடும்பத்தோடும் வருகிறார்கள்.

திரைக்கும் அந்தப் பாதைக்கும் உள்ள உறவு லீனின் படத்துக்கு முன்பே தொடங்கியது. கூலி, உணவு என்ற வாக்குறுதிகளை நம்பிப் போவோர் குறைந்தபோது ஜப்பானியர் கையாண்ட வழிகளுள் ஒன்றைப் போர்க்காலப் பதிவுகள் குறிப்பிடுகின்றன: மலாயாவின் திரையரங்குகளில் இலவசப் படக்காட்சி என்று அறிவித்து, கூட்டம் நிறைந்ததும் கதவுகளைப் பூட்டி, படம் பார்க்க வந்த ஆண்களை ரயிலேற்றிச் சயாமுக்கு அனுப்பினார்கள்.