தூண்டிலின் இரு முனைகள்: ஹெமிங்வேயின் கடற்புனைவுகளில் விளையாட்டும் தொழிலும்

முன்னுரை

எர்னஸ்ட் ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' என்னும் குறுநாவல் 1952-ஆம் ஆண்டு வெளிவந்தது. தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிபெயர்ப்புகளைப் பெற்ற இந்நூல் ஒப்பிலக்கிய வகுப்புகளில் நெய்தல் பாடல்களோடும் மீனவர் வாழ்வைக் கூறும் புதினங்களோடும் இணைத்துப் பயிலப்படுகிறது. மனித முயற்சியின் மேன்மை, தோல்வியிலும் தளரா உள்ளம், கிறித்தவக் குறியீடு என்னும் கோணங்களிலேயே இதனை அணுகுவது பெருவழக்கு. இவ்வணுகுமுறைகள் தவறானவை அல்ல. எனினும், கதையின் அடிப்படையான ஒரு செய்தியை இவை மறைத்துவிடுகின்றன. கதைத்தலைவனாகிய சாண்டியாகோ மீனை விற்று உண்ணும் தொழிலாளி. அவனைப் படைத்தவரோ மீனைப் பொழுதுபோக்கிற்காகப் பிடித்த விளையாட்டு வீரர். தொழிலாளியின் கதையை விளையாட்டு வீரர் எழுதும்போது எவை சேர்கின்றன, எவை உதிர்கின்றன என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். 1936-இல் ஹெமிங்வே எழுதிய இதழ்க் கட்டுரை, 1952-இன் குறுநாவல், அவர் மறைவுக்குப் பின் 1970-இல் வெளிவந்த 'நீரோட்டத்தில் தீவுகள்' புதினத்தின் பிமினிப் பகுதி ஆகிய மூன்றும் இதற்கு முதன்மை ஆதாரங்களாக அமைகின்றன.

விளையாட்டின் தோற்றமும் விதிகளும்

ஆழ்கடலில் பெருமீன்களைத் தூண்டிற்கோலும் சுழலுருளையும் கொண்டு பிடிக்கும் விளையாட்டு, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் நிறுவன வடிவம் பெற்றது. கலிபோர்னியாவின் சாண்டா கேட்டலினாத் தீவில் 1898-இல் சார்லஸ் பிரடெரிக் ஹோல்டர் நிறுவிய சூரைமீன் கழகம் இதில் முன்னோடியானது. மேற்கத்திய சாகசப் புதினங்களால் புகழ்பெற்ற ஜேன் கிரே இவ்விளையாட்டை எழுத்திற்குள் கொணர்ந்தார். 1930-இல் தாகித்தித் தீவின் கடலில் அவர் பிடித்த மார்லின் மீனைச் சுறாக்கள் கடித்துச் சிதைத்திருந்தன. எஞ்சிய உடலே 1,040 பவுண்டு எடை இருந்தது.

ஹெமிங்வே 1934-இல் 'பிலார்' என்னும் 38 அடி நீள விசைப்படகை வாங்கினார். கியூபாவின் கரையோரத்திலும் பகாமாவின் பிமினித் தீவிலும் மார்லினையும் பெருஞ்சூரையையும் பிடித்தார். பிலடெல்பியாவின் இயற்கை அறிவியல் கழக ஆய்வாளர்கள் அவருடைய படகில் சென்று மார்லின் இனங்களை ஆராய்ந்தனர். அனைத்துலக விளையாட்டு மீன்பிடிக் கழகம் 1939-இல் நியூயார்க்கில் தோன்றியபின் அதன் துணைத்தலைவர் பொறுப்பையும் அவர் ஏற்றார்.

அக்கழகம் வகுத்த விதிகளுள் மூன்று இவ்வாய்வுக்கு இன்றியமையாதவை. மீனைக் கோலும் உருளையும் கொண்டே பிடித்தல் வேண்டும். மீன் கவ்வியபின் பிறர் எவரும் கோலையோ உருளையையோ கயிற்றையோ தொடலாகாது. படகில் சேர்க்கும் முன் சுறாவால் சிதைக்கப்பட்ட மீன் சாதனைக் கணக்கில் சேராது. இவ்விதிகளின்படி நோக்கினால் சாண்டியாகோ பிடித்த மீன் இருமுறை தகுதி இழக்கிறது. அவன் வெறுங்கையால் கயிறு பிடித்தவன்; அவன் மீனைச் சுறாக்கள் தின்றுவிட்டன. தாம் பொறுப்பு வகித்த கழகத்தின் ஏட்டில் இடம்பெற முடியாத ஒரு மீனையே ஹெமிங்வே தம் இறுதிக்காலப் பெரும்படைப்பின் பொருளாக்கினார். இம்முரண் தற்செயலானது அன்று என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

இதழ்க் கட்டுரையிலிருந்து குறுநாவலுக்கு

1936 ஏப்ரலில் 'எஸ்குயர்' இதழில் நீலக்கடல் குறித்து ஹெமிங்வே எழுதிய கட்டுரை, ஒருவகையில் விளையாட்டுக்கான வழக்குரை. யானை வேட்டையே உயர்ந்தது எனக் கருதும் நண்பருக்குக் கடல்வேட்டையின் ஈர்ப்பை விளக்குவதாக அது அமைகிறது. அதன் நடுவே, ஒரு பத்தியளவில், கபானாஸ் பகுதியைச் சேர்ந்த முதிய மீனவர் ஒருவரின் கதை வருகிறது. தனியே சிறுபடகில் சென்ற அவரைப் பெரிய மார்லின் ஒன்று நடுக்கடலுக்கு இழுத்துச் செல்கிறது. இரு நாள் கழித்துக் கிழக்கே அறுபது மைல் தொலைவில் பிற மீனவர்கள் அவரை மீட்கின்றனர். மீனில் பாதிக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. அதுவே 800 பவுண்டு. முதியவர் இழப்பினால் சித்தம் கலங்கி அழுதுகொண்டிருக்கிறார். சுறாக்கள் படகைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இதனை ஹெமிங்வேக்குக் கூறியவர் அவரிடம் கூலிக்குப் பணியாற்றிய கியூப மீனவர் கார்லோஸ்.

பதினாறு ஆண்டுகளுக்குப் பின் இக்கதை குறுநாவலானபோது நேர்ந்த மாற்றங்கள் ஆழ்ந்து நோக்கத்தக்கவை. முதலாவதாக, அழுகை நீக்கப்பட்டது. சாண்டியாகோ கரை சேர்ந்து உறங்குகிறான். கனவில் சிங்கங்களைக் காண்கிறான். அவன் கைகளைக் கண்டு அழுபவன் சிறுவன் மனோலினே. இரண்டாவதாக, பிற மீனவர்கள் மீட்கும் நிகழ்வு நீக்கப்பட்டது. கிழவன் தானே பாய்விரித்து, தானே திசையறிந்து, தானே கரை சேர்கிறான்.

இவ்விரு நீக்கங்களும் விளையாட்டின் அறத்திலிருந்து பிறந்தவை எனலாம். கோலைப் பிறர் தொடலாகாது என்பது விளையாட்டின் முதல் விதி. தோற்றாலும் நிலைகுலையாமை அதன் ஒழுக்கம். கடல்தொழிலில் இவை விதிகள் அல்ல. ஆபத்தில் இருக்கும் படகைப் பிற படகுகள் தேடிச் செல்வதே எக்கடற்கரையிலும் தொழிலாளர் அறம். விளைச்சல் முழுவதையும் இழந்தவன் அழுவதும் அங்கு இழிவன்று. எனவே, உலகம் வியந்து போற்றிய சாண்டியாகோவின் தனிமையிலும் அமைதியிலும் ஒரு பகுதி மீனவனுடையது அன்று. அது விளையாட்டு வீரர் அவனுக்கு அணிவித்தது.

உடலும் கருவியும்

ஆயினும், இத்துடன் நிறுத்தி இந்நூலைச் செல்வந்தர் ஒருவரின் கற்பனை என ஒதுக்குவது பிழையாகும். அதற்கான சான்று கயிற்றைப் பற்றிய வருணனைகளில் உள்ளது. விளையாட்டு மீன்பிடிப்பில் சுழலுருளையிலுள்ள தடை, மீன் இழுக்கும்போது நூலை அளவாக விட்டுக்கொடுக்கிறது. சண்டை நாற்காலியும் தோள்வாரும் உடற்பாரத்தைத் தாங்குகின்றன. ஓட்டுநர் படகைத் திருப்பி உதவுகிறார். சாண்டியாகோவிடம் இவற்றுள் எதுவும் இல்லை. கயிற்றைப் படகில் கட்டிவைத்தால் மீன் ஒரே இழுப்பில் அறுத்துவிடும். ஆதலால் அவன் அதனை முதுகில் தாங்கி, மீன் இழுக்குந்தோறும் கைகளால் விட்டுக்கொடுக்கிறான். அவன் உடலே நாற்காலி; அவன் உள்ளங்கையே உருளையின் தடை. கருவியின் செயல்முறையை நன்கறிந்தவரால் மட்டுமே கருவியற்ற உடல் படும் பாட்டை இத்துணை நுட்பமாக எழுத இயலும். விளையாட்டு அளித்த அறிவு இங்குத் தொழிலின் வலியை மறைக்கவில்லை, அளந்து காட்டுகிறது.

'நீரோட்டத்தில் தீவுகள்' புதினத்தில் டேவிட் என்னும் சிறுவன் பெரிய வாள்மீன் ஒன்றோடு பல மணி நேரம் போராடும் பகுதியை இதனோடு ஒப்பிடலாம். அவன் கைகளும் கால்களும் புண்ணாகின்றன. சோர்வின் எல்லையில் தான் எது, மீன் எது எனப் பிரித்தறிய இயலாத நிலையை எய்துகிறான். சாண்டியாகோ மீனை உடன்பிறந்தான் என அழைப்பதும் இவ்வுணர்வின் மறுவடிவமே. ஆனால், டேவிட்டைச் சூழ்ந்து தந்தையும் உடன்பிறந்தாரும் வழிகாட்டும் நண்பரும் சமையற்காரர் எட்டியும் நிற்கின்றனர். மீன் இறுதியில் தப்பிச் செல்கையில் அவன் இழப்பது ஓர் அனுபவத்தின் நிறைவை மட்டுமே. மறுநாள் உணவை அன்று. எண்பத்து நான்கு நாள்கள் மீனின்றிக் கழித்த கிழவனுக்கோ அதே இழப்பு பட்டினி. ஓர் ஆசிரியரே ஒரே உணர்ச்சியை இருவேறு வகுப்பினரிடம் வைத்துக் காட்டியமையால், அவ்வுணர்ச்சிக்கு யார் என்ன விலை கொடுக்கின்றனர் என்பது வெளிப்படுகிறது.

கணக்கும் கொம்பும்

குறுநாவலில் விளையாட்டின் குரலைத் தொழிலின் குரல் இடைமறிக்கும் இடங்களே அதன் உயிர்நிலைகள். மீனைப் படகோடு பிணைத்தவுடன் சாண்டியாகோ எடையை மதிப்பிடுகிறான். ஆயிரத்து ஐந்நூறு பவுண்டுக்கு மேல் இருக்கும். கழிவு நீக்கி மூன்றில் இரு பங்கு இறைச்சி. பவுண்டுக்கு முப்பது சென்ட். கணக்கிட ஓர் எழுதுகோல் இல்லையே என நினைக்கிறான். விளையாட்டிலும் எடை உண்டு; ஆனால் அங்கு எடை புகழின் அளவு. இங்கு அது குளிர்காலத்தைக் கடப்பதற்கான உணவின் அளவு. பின்னர், உயிர்வாழவும் விற்கவும் மட்டுமன்றிச் செருக்கினாலும் மீனைக் கொன்றேனோ எனத் தன்னையே வினவுகிறான். தம் விளையாட்டின் மீது ஹெமிங்வே எழுப்பிய மிகக் கடுமையான வினா இதுவே எனலாம். அதனைத் தொழிலாளியின் வாயிலாகவே அவரால் எழுப்ப முடிந்தது.

இறுதிக்காட்சியில் மீனின் முள்ளெலும்பு குப்பைகளோடு மிதக்கிறது. அதைக் கண்ட சுற்றுலாப் பெண்ணொருத்தி, பணியாளரின் அரைகுறை விளக்கத்தால் அதனைச் சுறாவென எண்ணி, அதன் வாலழகை வியக்கிறாள். வேட்டைச் சின்னத்தைச் சுவரில் மாட்டும் உலகின் பார்வை இது. மாறாக, ஊரார் மீனின் எச்சத்தைப் பங்கிடும் முறை வேறு: தலை பெட்ரிகோவின் மீன்பொறிகளுக்கு இரையாகிறது; வாள்போன்ற அலகு மனோலினுக்குச் சேர்கிறது. பட்டினப்பாலையில் பரதவர் சினைச்சுறாவின் கொம்பை நட்டு வழிபடும் காட்சி இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. இரண்டிலும் கொம்பு தனிமனித வெற்றியின் சின்னம் அன்று. ஒன்றில் கடலோடு கொண்ட உறவின் சின்னம், மற்றொன்றில் தொழில் அடுத்த தலைமுறைக்குக் கைமாறுவதன் சின்னம். சங்க நெய்தற்பாடல்கள் மீன்பிடித்தலை 'வேட்டம்' என்று குறித்தபோதும், அவ்வேட்டம் உப்பும் உணக்கலும் பண்டமாற்றும் சூழ்ந்த வாழ்வின் பகுதியாகவே நிற்கிறது.

கடலைச் சாண்டியாகோ பெண்பாலில் 'லா மார்' என அழைக்கிறான். சுறா ஈரல் விற்ற பணத்தில் விசைப்படகு வாங்கிய இளைஞர்கள் ஆண்பாலில் 'எல் மார்' என்கின்றனர். கடல் என்னும் சொல் தமிழில் அஃறிணையாதலின் இவ்வேறுபாட்டை இலக்கணத்தால் பெயர்த்தல் அரிது. ஆனால், கடலம்மா, கடல்தாய் எனும் உறவுச்சொற்கள் நம் கரைகளிலும் தகழியின் 'செம்மீன்' உலகிலும் வழங்குகின்றன. மொழிபெயர்ப்பாளர்க்கு இலக்கணம் மறுப்பதை வழக்காறு வழங்குகிறது.

நூலுக்குப் பின்

1958-இல் வெளிவந்த திரைப்படம் இச்சிக்கலை எதிர்பாராவகையில் வெளிப்படுத்தியது. படத்திற்கான மார்லின் காட்சிகளைப் பிடிக்க 1956-இல் ஹெமிங்வே பெரு நாட்டின் கபோ பிளாங்கோவிற்குச் சென்றார். இறுதியில் படத்தில் சேர்க்கப்பட்டவற்றுள் ஆல்பிரட் கிளாசெல் 1953-இல் அங்குப் பிடித்த 1,560 பவுண்டுக் கருமார்லினின் காட்சிகளும் இருந்தன. எண்ணெய்த் தொழிலதிபர் ஒருவரின் உலகச் சாதனை, ஏழைக் கிழவனின் மீனாகத் திரையில் துள்ளியது. எழுத்தில் ஹெமிங்வே வருந்திப் பிரித்துக்காட்டிய இரு உலகங்களைத் திரை மீண்டும் ஒன்றாக்கிவிட்டது.

இன்று விளையாட்டுத் துறையினர் பலர் பிடித்த மார்லினை உயிரோடு விட்டுவிடுகின்றனர். அமெரிக்காவில் 2012-ஆம் ஆண்டுச் சட்டம் மார்லின், மயில்மீன் முதலியவற்றின் விற்பனையைப் பெருமளவு தடைசெய்தது. ஹவாய்க்கு விலக்கு உண்டு. மீன்வளம் காக்க இவை தேவையானவை. எனினும், விலையற்ற மீனையே உயர்ந்த மீனாகக் கருதும் இந்நிலையில், பவுண்டுக்கு முப்பது சென்ட் எனக் கணக்கிட்ட கிழவனின் இடம் எது என்னும் வினா மேலும் கூர்மையடைகிறது.

முடிவுரை

'கிழவனும் கடலும்' மீனவர் வாழ்வின் நேரடி ஆவணம் அன்று. விளையாட்டு வீரரின் வெறுங்கனவும் அன்று. விளையாட்டின் அறம் அதன் தலைவனுக்குத் தனிமையையும் அமைதியையும் அளித்தது. தொழிலின் உண்மை அவனுக்குப் பசியையும் கணக்கையும் ஐயத்தையும் அளித்தது. முன்னதை மட்டும் போற்றிக் 'குன்றா மனித முயற்சி' என்று கற்பிக்கும்போது, 1936-இல் அழுதுகொண்டிருந்த அந்தப் பெயரறியா முதியவரை நாம் இரண்டாம் முறை கடலில் விட்டுவருகிறோம். நெய்தல் மரபில் தோய்ந்த தமிழ்த் திறனாய்வு, வலையும் உப்பும் விலையும் அறிந்தது. அவ்வறிவோடு இந்நூலை அணுகினால், சாண்டியாகோவின் வீரத்தைக் காட்டிலும் அவன் தேடிய எழுதுகோலே நம் நினைவில் நிற்கும்.