தீர்மானிப்பது யார்? பள்ளி மரபியல் பாடத்தின் மொழி

பள்ளி அறிவியல் பாடநூல்களில், மரபியல் பாடத்தின் நடுவே ஒரு வாக்கியம் வரும். நூலுக்கு நூல் சொற்கள் மாறலாம், சாரம் மாறாது. பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தணு, தாய்க்கு அதில் பங்கில்லை. பெண்ணியக் கூட்டங்களிலும் சுயஉதவிக் குழுப் பயிற்சிகளிலும் நாம் கைதட்டி வரவேற்ற வாக்கியம் இது. பெண் குழந்தை பெற்றதற்காக அடிவாங்கிய பெண்ணுக்கு அறிவியல் தந்த பிடிமானம். அந்தப் பிடிமானத்தை அசைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

நான் தமிழ் படித்தவள். குரோமோசோமை நுண்ணோக்கியில் பார்த்துப் பழகியவள் அல்ல. ஆனால் எழுவாய் எது, பயனிலை எது, யார் செய்தார், யாருக்குச் செய்யப்பட்டது என்று கேட்கத் தெரியும். இளங்கலை மாணவியருக்குச் சில ஆண்டுகளாகப் பள்ளி உயிரியல் பாடங்களை ஒரு இலக்கியப் பிரதியைப் போல வாசிக்கக் கொடுக்கிறேன். பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய அதே பக்கங்கள்தாம்.

முதலில் செல் பிரிதல். ஆங்கிலம் பிரிந்து உண்டாகும் செல்களை மகள்கள் என்கிறது. ஈழத்துப் பாடநூல்கள் அதை அப்படியே ஏற்று மகட்கலம் என்றன. தமிழ்நாட்டில் சேய் செல் என்றார்கள். சேய்க்குப் பால் இல்லை. யார் இந்தச் சொல்லைத் தேர்ந்தாரோ, நல்ல காது உள்ளவர். தாய் மட்டும் இரண்டு ஊரிலும் தாயாகவே இருக்கிறாள். மைட்டாசிஸில் அந்தத் தாய் செத்துப்போவதில்லை, பிணம் விழுவதில்லை, முழுவதுமாக இரண்டு பிள்ளைகளாகிவிடுகிறாள். 'தாய் தன்னையே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறாள்' என்று தன் ஆசிரியர் கண்கலங்கச் சொன்னதாக ஒரு மாணவி எழுதியிருந்தாள். தோலின் அடியடுக்கில் ஒவ்வொரு நாளும் நடக்கிற காரியத்துக்குத் தியாகப் பட்டம். செல்லுக்கு அது தேவையில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் பதினைந்து வயதுப் பெண்ணுக்குத்தான் அது போய்ச் சேர்கிறது.

ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்ற இணை இன்னும் ஆழமாக வேலை செய்கிறது. ஓங்குவது உயர்வது. ஒடுங்குவது சுருங்குவது, பணிவது. அடக்க ஒடுக்கம் என்று யாரைச் சொல்வோம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஓங்கு என்றால் பலமானது, ஒடுங்கு என்றால் பலவீனமானது என்றே பெரும்பாலான மாணவியர் மனத்தில் பதிந்திருக்கிறது. தன் பட்டாணிச் செடிகளில் மெண்டல் கண்டதும் 1866இல் அச்சிட்டதும் வேறு. உருண்டை விதையும் சுருங்கிய விதையும் சேர்ந்து வந்த தலைமுறையில் எல்லாம் உருண்டை. அவற்றைத் தம்முள் கருவுறச் செய்தபோது 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. மூன்றுக்கு ஒன்று. ஒரு தலைமுறை முழுக்கக் கண்ணில் படாமல் இருந்த பண்பு கரையாமல், கலக்காமல், முழுசாகத் திரும்பி வந்தது. அவருடைய கண்டுபிடிப்பின் உயிரே அதுதான்.

பட்டாணி ஏன் சுருங்குகிறது என்பது 1990இல் தெரிந்தது. மாவுச்சத்தைக் கிளைக்கச் செய்யும் ஒரு நொதிக்கான மரபணுவின் நடுவே, சுமார் 800 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு வந்து செருகிக்கொண்டிருக்கிறது. நொதி உருவாவதில்லை, சர்க்கரை மாவாக மாறுவது குறைகிறது, விதை ஈரத்தை மிகுதியாக உறிஞ்சிப் பிறகு காயும்போது சுருங்குகிறது. நல்ல பிரதி ஒன்று இருந்தாலே போதுமான நொதி கிடைத்துவிடும், அதனால் உருண்டை. இரண்டு அல்லீல்களுக்கு இடையே சண்டையும் இல்லை, ஒன்று மற்றதை அடக்கவும் இல்லை. சொல்லப்போனால் சுருங்கிய பட்டாணிக்குத்தான் இனிப்பு அதிகம். அந்தச் செருகிய துண்டு எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது தெரியுமா? இடம்விட்டு இடம் தாவும் மரபணுக் கூறுகள் என்று மக்காச்சோளத்தில் பார்பரா மெக்ளின்டாக் கண்டவற்றை ஒத்தது. அவர் அதை 1950 வாக்கில் சொன்னபோது பெரும்பாலோர் ஏற்கவில்லை. நோபல் பரிசு 1983இல் வந்தது, எண்பத்தொரு வயதில். மெண்டலின் தோட்டத்துக்குள்ளேயே மெக்ளின்டாக்கின் கதை ஒளிந்திருந்திருக்கிறது. ஓங்கு, ஒடுங்கு என்று இரண்டு கட்டங்களில் நிரப்பிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகும் பாடத்தில் இதற்கு இடமில்லை.

அடுத்தது குன்றல் பகுப்பின் படம். ஒரு செல், 46 குரோமோசோம்கள், இருமுறை பிரிந்து 23 வீதம் கொண்ட நான்கு செல்கள். நான்கும் ஒரே அளவு வட்டங்கள். தேர்வில் வரையச் சொல்வார்கள், நானும் வரைந்து ஐந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். மனித உடலைப் பொறுத்தவரை அது ஆணின் படம். விந்தகத்தில்தான் ஒன்று நான்காகிறது. சினையகத்தில் ஒன்று ஒன்றாகவே நிற்கிறது. சைட்டோபிளாசம் கிட்டத்தட்ட முழுவதும் ஒரே அண்டத்துக்குப் போக, மிச்சம் துருவ உடல்கள் என்ற சிறு பொட்டுகளாக ஒதுங்கி அழிகின்றன. ஆணின் கணக்கு பொதுக்கணக்காகவும், பெண்ணின் கணக்கு வேறொரு பாடத்தில் வரும் விதிவிலக்காகவும் ஆகிவிடுகிறது. இலக்கிய வரலாற்றில் 'கவிஞர்' என்றும் 'பெண் கவிஞர்' என்றும் எழுதுகிறார்களே, அதே வழக்கம்.

அந்தப் படத்தில் இல்லாத இன்னொன்று காலம். பெண்ணின் குன்றல் பகுப்பு அவள் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தாயின் வயிற்றில் சில மாதக் கருவாக இருக்கும்போதே அவளுடைய முட்டைச் செல்கள் முதல் பகுப்பின் புரோபேஸ் நிலைக்கு வந்து, அங்கேயே நின்றுவிடுகின்றன. பூப்பெய்திய பிறகு மாதந்தோறும் சில செல்கள் விழித்து, பெரும்பாலும் ஒன்று மட்டும் முதல் பகுப்பை முடித்துக்கொண்டு வெளியே வருகிறது. இரண்டாம் பகுப்பு நடுவழியில் மறுபடி நிற்கிறது. விந்தணு உள்ளே வந்தால்தான் முடிகிறது, இல்லையென்றால் முடிவதே இல்லை. நாற்பது வயதில் ஒருத்தி கருவுற்றால் அந்த முட்டை நாற்பதாண்டுக்கு மேல் காத்திருந்திருக்கிறது. நான் உருவான முட்டைச் செல், என் அம்மா பிறக்கும் முன்பே, என் அம்மாச்சியின் வயிற்றுக்குள் இருந்த அம்மாவின் உடலில் இருந்தது. கவிதை எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் இந்த இடத்தில் உருகிவிடக் கூடாது என்றும் தோன்றுகிறது. இதே காத்திருப்பைக் காட்டித்தான், முப்பதைத் தாண்டிய பெண்ணிடம் 'காலம் கடந்துவிட்டது' என்கிறார்கள். முட்டையின் வயது கூடும்போது குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போகும் வாய்ப்பு கூடுவது உண்மை. தந்தையின் வயது கூடக்கூட விந்தணுவில் புதிய சடுதி மாற்றங்கள் கூடுவதும் உண்மை. முதல் உண்மைக்குப் பழமொழி அளவுக்குப் புழக்கம் உண்டு. இரண்டாவதைச் சொல்லி எந்த மாப்பிள்ளையின் ஜாதகத்தையும் யாரும் திருப்பி அனுப்பியதாக நான் கேட்டதில்லை.

கருவுறுதல் பற்றிய பத்திகளில் விந்தணு நீந்துகிறது, முந்துகிறது, துளைக்கிறது, ஊடுருவுகிறது. அண்டம் காத்திருக்கிறது. அமெரிக்க மானிடவியலாளர் எமிலி மார்ட்டின் 1991இல் எழுதிய கட்டுரை இந்த வீரக்கதையை மருத்துவப் பாடநூல்களிலிருந்தே எடுத்துக்காட்டியது. பெண்ணின் உடலுக்குள் சிலமணி நேரம் இருந்து மாற்றம் அடையாமல் விந்தணுவால் கருவுறச் செய்யவே முடியாது, கருப்பையின் அசைவும் அதை நகர்த்துகிறது. நம் ஊரில் இந்தக் கதைக்கு இன்னும் பழைய அடித்தளம் உண்டு: ஆண் வித்து, பெண் நிலம். விளைச்சல் வித்துக்காரனுக்கு. லீலா துபே 1986இல் இதைப் பற்றித்தான் விரிவாக எழுதினார். தமிழில் இதற்கு ஒலியின் துணையும் சேர்ந்துகொள்கிறது. விந்து வடமொழியின் பிந்துவிலிருந்து வந்தது, துளி என்று பொருள். வித்து நம் சொல். காதில் இரண்டும் அக்கம்பக்கமாக விழுவதால் துளி விதையாகிவிடுகிறது. தாவரவியல்படி விதை என்பதே கருவுற்ற பிறகு சூலிலிருந்து உண்டாவது. விந்தணுவுக்கு உவமை தேட வேண்டுமானால் மகரந்தத்துக்குத்தான் போக வேண்டும்.

இனி, தொடங்கிய வாக்கியத்துக்கு வருகிறேன். தாயிடம் எக்ஸ் மட்டுமே, தந்தையிடம் எக்ஸும் ஒய்யும். விந்தணுக்களில் ஏறக்குறைய பாதி எக்ஸ், பாதி ஒய். ஆகவே தந்தை தீர்மானிக்கிறார். இந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது? தீர்மானித்தல் மனம் உள்ளவர் செய்யும் செயல். தந்தைக்கு இதில் தேர்வு ஏதும் இல்லை. நாணயத்தைச் சுண்டியவர் பூவா தலையா என்று தீர்மானித்தார் என்று சொல்வோமா?

வகுப்பில் ஒரு மாணவி சொன்னாள்: "மேடம், நாங்க மூணும் பொண்ணு. அம்மாவ அப்பத்தா திட்டிக்கிட்டே இருக்கும். பத்தாவது படிக்கும்போது இந்தப் பாடத்த அதுகிட்ட வாசிச்சுக் காட்டினேன், அப்பாதான் காரணம்னு. அப்பத்தா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுக் கேட்டுச்சு, 'அப்ப அவனுக்கு வேற ஒருத்தியக் கட்டி வச்சாலும் பொட்டப்புள்ளதான் பொறக்குமா'ன்னு." வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அப்பத்தாவின் தர்க்கத்தில் பிழை இல்லை. பாடம் பழியைத்தான் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றியது. மூன்று பெண்கள் பிறந்தது பழிக்குரிய காரியம் என்பதை அப்பத்தாவும் கேள்வி கேட்கவில்லை, பாடமும் கேட்கவில்லை, அதை மேடையில் எடுத்தாண்ட நாமும் கேட்கவில்லை. 'குற்றவாளி அவளில்லை, அவன்' என்று வாதாடும்போது குற்றம் நடந்ததை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். அந்தக் குற்றத்தின் பெயர் அந்த மாணவி.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று தோன்றினால் மெட்டாபேஸை நினைத்துப் பாருங்கள். குரோமோசோம்கள் செல்லின் நடுக்கோட்டில் வரிசைகட்டி நிற்கும் நிலை. பாடத்திலேயே அழகான படம் அதுதான். அந்த நிலையில் செல்லை நிறுத்தினால் குரோமோசோம்களை எண்ணலாம், எக்ஸ், ஒய் பார்க்கலாம். நிறுத்துவதற்கு ஆய்வகங்களில் கோல்சிசின் அல்லது அதை ஒத்த வேதிப்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். கோல்சிசின் நம் செங்காந்தளிலும் இருக்கிறது. சங்கப் புலவர்கள் பெண்ணின் விரலுக்கு உவமை சொன்ன பூ, தமிழ்நாட்டின் மாநில மலர். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் அதன் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். 1970களில் இந்தியாவுக்கு வந்த பனிக்குட நீர்ப் பரிசோதனை, கருவின் செல்களை எடுத்து இப்படிக் குரோமோசோம் பார்க்கும் முறை. பரம்பரை நோய்களை அறிய வந்தது, பெண் கருவை அறியப் பயன்பட்டது. மகாராஷ்டிரம் 1988இல் தடுத்துச் சட்டம் போட்டது, நாடு முழுமைக்குமான சட்டம் 1994இல் வந்தது. அதற்குள் மலிவான ஸ்கேன் கருவி ஊர் ஊராகப் போய்விட்டது. உசிலம்பட்டிப் பகுதியின் சிசுக்கொலைகள் 1980களில் வெளியே தெரிந்ததும், 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதும் நமக்குத் தெரியும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகள். ஸ்கேன் அறைக்குப் போனவர்களில் பலர் பள்ளியில் மரபியல் படித்தவர்களாகவே இருந்திருப்பார்கள். தந்தைதான் காரணம் என்று தெரிந்திருந்தது அவர்களை நிறுத்தவில்லை.

பால் நிர்ணயத்தைக் குரோமோசோமில் கண்டவர்களில் ஒருவர் பெண். நெட்டி ஸ்டீவன்ஸ் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, முப்பத்தைந்து வயதில் ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்தவர். 1905இல், மாவுப்புழு வண்டின் பெண் செல்லில் இருபது பெரிய குரோமோசோம்களும், ஆண் செல்லில் பத்தொன்பது பெரியவையும் ஒரு சிறியதும் இருப்பதைக் கண்டார். எட்மண்ட் வில்சனும் அதே ஆண்டு தனியாக இதே முடிவுக்கு வந்தார். புகழ் பெரும்பாலும் அவருக்குப் போனது. நெட்டி 1912இல் மார்பகப் புற்றுநோயால் இறந்துபோனார். என் வகுப்பில் மெண்டலை எல்லாருக்கும் தெரிந்திருந்தது, இவரை ஒருத்திக்கும் தெரியவில்லை. ஜானகி அம்மாளைத் தெரியுமா என்றேன். இருவர் கை தூக்கினார்கள். தலச்சேரியில் 1897இல் பிறந்து, சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை எண்ணியவர். டார்லிங்டனோடு சேர்ந்து அவர் தொகுத்த பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணை 1945இல் வந்தது. இங்கிலாந்தில் மக்னோலியாச் செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்க அவர் பயன்படுத்தியதும் கோல்சிசின்தான். 1984இல் மதுரவாயலில் இறந்தார்.

பருவத்தின் கடைசி வாரம், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திருத்தி எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் தீர்மானிக்கிறது என்ற சொல்லை எடுத்துவிட்டு நேர்கிறது, அமைகிறது என்று போட்டிருந்தார்கள். அண்டமும் விந்தணுவும் சேரும்போது எக்ஸ் எக்ஸ் என்றோ எக்ஸ் ஒய் என்றோ அமைகிறது என்று ஒருத்தி எழுதினாள். பக்கத்து இருக்கைக்காரி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இந்த இரண்டு மட்டும்தானா என்று கேட்டாள். எக்ஸ் எக்ஸ் ஒய்யோடு பிறப்பவர்களும் உண்டு, ஒற்றை எக்ஸோடு பிறப்பவர்களும் உண்டு, குரோமோசோம் ஒன்று சொல்ல உடல் வேறொன்று காட்டுவதும் உண்டு என்றேன். இடைப்பால் குழந்தைகளின் உடலை ஆணாகவோ பெண்ணாகவோ அறுத்துத் திருத்துவதை நிறுத்தும்படி 2019இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னதும், அரசு அதை ஏற்றுத் தடை விதித்ததும் பற்றிப் பேசினோம். மூன்று பெண்களில் ஒருத்தியான அந்த மாணவி வாக்கியத்தைத் திருத்தவில்லை. முழுவதும் அடித்துவிட்டு, கீழே ஒரு கேள்வி எழுதியிருந்தாள்: 'இதை முதலில் யார் கேட்டது?'